மனு எழுதும் முன் வரைபடம்: தெருவுக்கான திட்டத்தை நாமே போடுவது எப்படி?

கிருஷ்ணகிரி ஓரத்தில் நாங்கள் வீடு கட்டிக் குடிவந்தபோது எங்கள் தெருவில் கழிவுநீர்க் கால்வாய் கிடையாது. இரண்டு வருஷம் மனு கொடுத்தோம். திங்கள்கிழமை குறைதீர் கூட்டத்துக்கு ஆள் மாற்றி ஆள் போனோம். ஒருவழியாகக் கால்வாய் வந்தது. சிமென்ட் கால்வாய், மேலே மூடியோடு. அந்த ஐப்பசியில் முதல் பெரிய மழை பெய்த இரவு, தண்ணீர் பாதி தூரம் போய் நின்றது. பிறகு திரும்பி வந்து நான்கு வீடுகளுக்குள் புகுந்தது. தெரு சரிவது கிழக்கே. கால்வாயை விட்டிருந்ததோ மேற்கே, மெயின் ரோட்டைப் பார்த்து. விடிந்ததும் எதிர்வீட்டு ஆயா வாசலில் சேற்றை வாரிக்கொண்டே சொன்னார்: "இங்க தண்ணி எப்பவும் கெழக்காலதான் போவும் சாமி. என்னைய ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

கேட்கவில்லை. வேலையைச் செய்தவர்களும் கேட்கவில்லை, மனு எழுதிய நாங்களும் கேட்கவில்லை. "கால்வாய் வேண்டும்" என்று மட்டும் எழுதியிருந்தோம். எந்தப் பக்கம், எவ்வளவு ஆழம், கடைசியில் எங்கே போய்ச் சேர வேண்டும் என்று ஒரு வரி இல்லை. மனு ஒரு பொருளைக் கேட்கும். திட்டம் என்றால் இடம், வரிசை, செலவு, பிறகு பார்த்துக்கொள்ளும் ஆள் எல்லாம் அதில் இருக்க வேண்டும். அந்தத் திட்டத்தைத் தெருவில் குடியிருப்பவர்களே போட முடியும் என்று அப்புறம்தான் தெரிந்துகொண்டோம். தருமபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர் பக்கம் புதிதாக இதில் இறங்குகிறவர்களுக்காக, நாங்கள் கற்றுக்கொண்டதை எழுதுகிறேன்.

சட்டம் நம் பக்கம் இருக்கிறது. அரசியலமைப்பின் 73, 74-ஆவது திருத்தங்கள் 1992-ல் நிறைவேறி 1993-ல் நடைமுறைக்கு வந்தன. 74-ஆவது திருத்தம் சேர்த்த பன்னிரண்டாம் அட்டவணையில், நகராட்சிகளிடம் ஒப்படைக்கக்கூடிய 18 பொறுப்புகள் இருக்கின்றன. அதில் முதல் வரியே நகரமைப்புத் திட்டமிடல்தான். ஊராட்சிகளுக்கான பதினோராம் அட்டவணையில் 29 பொறுப்புகள். ஆகவே இது யாரிடமோ சலுகை கேட்கும் வேலை என்று தயங்க வேண்டாம்.

முதலில், நீங்கள் யாருடைய எல்லையில் இருக்கிறீர்கள்?

இதில்தான் பலரும் ஆறு மாதத்தைத் தொலைக்கிறார்கள். நம் ஊர்களில் நகரம் ஒரு பக்கம், ஊராட்சி ஒரு பக்கம் என்று தெளிவாகப் பிரிந்து கிடப்பதில்லை. தெருவின் தெற்கு வரிசை நகராட்சியிலும் வடக்கு வரிசை ஊராட்சியிலும் இருக்கும். வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்கள். ரசீது கொடுத்தது மாநகராட்சியா, நகராட்சியா, பேரூராட்சியா, ஊராட்சியா, வார்டு எண் என்ன என்று குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த வரிசையில் இருப்பவர்களின் ரசீதையும் பாருங்கள். எல்லை தெருவுக்குள்ளேயே ஓடுகிறது என்றால், உங்கள் திட்டம் இரண்டு அலுவலகத்துக்கும் போக வேண்டியது.

நடந்து பாருங்கள்

வேலையின் உயிர் இதில் இருக்கிறது. இதற்கு அவசரப்படாமல் ஒரு மாதமாவது ஒதுக்குங்கள்.

ஸ்காட்லாந்து நகரமைப்பு அறிஞர் பேட்ரிக் கெடிஸ் 1914-ல் இந்தியா வந்து, சென்னை மாகாணத்து ஊர்கள் சிலவற்றுக்கு அறிக்கை எழுதினார். அகலச் சாலை போடுவதற்காக வரிசை வரிசையாக வீட்டை இடிக்கும் பழக்கத்தை அவர் கடுமையாக எதிர்த்தார். தெருத்தெருவாக நடந்து பார்; எது தேவையோ அதில் மட்டும் கை வை; கிணறு, மரம், கோயில் முற்றம் இவற்றைக் காப்பாற்றிக்கொண்டு திருத்து என்பது அவர் வழி. நூறு வருஷத்துக்கு மேலாகியும் இதைவிட நல்ல தொடக்கம் எனக்குத் தெரியவில்லை.

மூன்று முறை நடக்க வேண்டும். ஒன்று, விடியற்காலை ஐந்தரைக்கு. ஓசூர் பக்கம் கம்பெனி பஸ்ஸுக்காகப் பெண்கள் எந்த முனையில் நிற்கிறார்கள், அங்கே விளக்கு எரிகிறதா, நாய்த்தொல்லை எங்கே என்பதெல்லாம் அப்போதுதான் கண்ணில் படும். இரண்டு, பள்ளிக்கூடம் விடும் நேரத்துக்குக் குழந்தைகளோடு. எந்த இடத்தில் ரோட்டைக் கடக்க அவர்கள் உங்கள் கையைப் பிடிக்கிறார்கள் என்று கவனியுங்கள். மூன்று, மழை பெய்யும்போதே குடையோடு. இந்த மூன்றாவது நடையை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். கையில் சுண்ணாம்புக்கட்டி வைத்துக்கொண்டு, தண்ணீர் எட்டிய உயரத்தைச் சுவர்களில் கோடு போட்டு வையுங்கள். மழை நின்றபின் அந்தக் கோடுகளை அளந்து குறிக்கலாம்.

வரைபடத்துக்குப் பெரிய கருவி தேவையில்லை. கட்டம் போட்ட சார்ட் தாள், நூறடி டேப், கொத்தனார் மட்டம் பார்க்கும் தண்ணீர் டியூப். ஒரு கட்டத்துக்குப் பத்தடி என்று வைத்துக்கொண்டால் ஒரு தெரு ஒரே தாளில் அடங்கிவிடும். சரிவைப் பார்க்க, டியூபில் குமிழி இல்லாமல் தண்ணீர் நிரப்பி, ஒரு முனையைத் தெருவின் இந்தக் கடைசியிலும் இன்னொன்றைக் கொஞ்சம் தள்ளியும் ஆளுக்கொருவர் பிடியுங்கள். இரண்டு முனையிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும். அங்கிருந்து தரைவரை அளந்தால் எந்தப் பக்கம் எத்தனை அங்குலம் தாழ்கிறது என்று தெரிந்துவிடும். திறந்த கால்வாயில் தண்ணீர் தேங்காமல் ஓட, நூறு அடிக்கு அரை அடியாவது சரிவு இருப்பது நல்லது. எங்கள் தெருவில் பத்தாம் வகுப்புப் பையன்கள் இரண்டு பேர் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியத்தில் இதைச் செய்து முடித்தார்கள். ஆயா சொன்னது அங்குலம் பிசகாமல் சரியாக இருந்தது.

அடுத்து, தண்ணீரின் பழைய வழி. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் கொட்டியது. ஏரி நிரம்பி வழிந்த தண்ணீர் சாலைக்கு வந்து, நிறுத்தியிருந்த வேன்களையும் கார்களையும் உருட்டிக்கொண்டு போனதை எல்லோரும் காணொளியில் பார்த்தோம். அவ்வளவு மழை எப்போதாவதுதான் வரும். ஆனால் ஏரி நிரம்பி, உபரித் தண்ணீர் வெளியேறும் கோடி வழியாகப் போனால், அது எந்தப் பக்கம் இறங்கும் என்பது ஒவ்வொரு தெருவின் வரைபடத்திலும் இருந்தே ஆக வேண்டும். உங்கள் பகுதிக்கு மேலே எந்த ஏரி, அதன் கோடி எந்தப் பக்கம், கோடித் தண்ணீர் போகும் ஓடை இப்போது எங்கே மூடிக் கிடக்கிறது என்று ஊரில் பழைய ஆட்களிடம் கேளுங்கள். தருமபுரியில் ராமாக்காள் ஏரி, கிருஷ்ணகிரியில் அவதானப்பட்டி ஏரி, ஓசூரில் ராமநாயக்கன் ஏரி என்று எந்தப் பக்கம் போனாலும் கேள்வி இதுதான்.

கேட்டதைக் காகிதத்தோடு ஒப்பிட வேண்டும். தமிழ்நாடு அரசின் நில ஆவண இணையதளத்தில் சர்வே எண் கொடுத்தால் புலப்படமும் (நிலத்தின் அளவுப் படம்) அ-பதிவேடும் (எந்த எண் என்ன வகை நிலம் என்ற பட்டியல்) கிடைக்கும். நகர நிலஅளவை முடிந்த பகுதி என்றால் தாலுகா அலுவலகத்தில் நகர நிலஅளவைப் பதிவேட்டைப் பாருங்கள். அ-பதிவேட்டில் "புறம்போக்கு", அதாவது அரசுப் பொது நிலம், என்று வரும் எண்களை மட்டும் தனியே எழுதி, அது ஓடையா, வண்டிப்பாதையா, களமா, மேய்க்காலா, ஏரியா என்று பிரியுங்கள். ஓடையை நீலத்திலும் பாதையைப் பழுப்பிலும் தீட்டுங்கள். இன்றைக்கு வெறும் குப்பைமேடாகத் தெரியும் இடம் பதிவேட்டில் ஓடையாக இருக்கும். அதைத் தெருவில் நாலு பேர் பார்த்தாலே பேச்சின் தொனி மாறிவிடும்.

நம் இரண்டு மாவட்டத்துக்கும் உரிய ஒன்று ஃப்ளோரைடு. நிலத்தடி நீரில் அது கூடுதலாக இருப்பதால்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. 2013-ல் தொடங்கி வைக்கப்பட்டது. லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை இருக்கலாம், வேறு வழியில்லாத இடத்தில் 1.5 வரை என்பது இந்தியத் தர அளவு. ஒகேனக்கல் தண்ணீர் எந்த வீட்டுக்கு வருகிறது, எந்த வீட்டில் குடிப்பதற்கும் போர்த் தண்ணீர்தான் என்று குறியுங்கள். போர்த் தண்ணீர் மாதிரியைக் குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கொடுத்துச் சோதித்து, வந்த எண்ணை அந்த போர் இருக்கும் இடத்திலேயே வரைபடத்தில் எழுதிவிடுங்கள். குழந்தைகளின் பல்லில் மஞ்சள் கறை விழுந்த பிறகு திட்டம் போட்டு என்ன பயன்?

எது நம் கையில், எது அவர்கள் கையில்?

கராச்சியின் மேற்கு ஓரத்தில் ஒராங்கி என்று ஒரு பெரிய குடியிருப்பு. 1980-ல் அக்தர் ஹமீத் கான் என்ற சமூகப் பணியாளர் அங்கே ஒரு வேலையைத் தொடங்கினார். இருபது, முப்பது வீடுள்ள சந்து ஒவ்வொன்றும் தனக்குள் ஒருவரைத் தேர்ந்தெடுத்து, பணம் சேர்த்து, வீட்டுக் கழிப்பறையையும் சந்துக்கான குழாயையும் தானே போட்டுக்கொண்டது. அளவும் மட்டமும் சொல்லிக் கொடுக்க ஆள் இருந்தது. பெரிய வடிகாலும் சுத்திகரிப்பும் அரசின் வேலை என்று தெளிவாகப் பிரித்து வைத்தார்கள். அரசு மதிப்பீட்டைவிடச் செலவு மிகக் குறைவு. பிற்பாடு அங்குள்ள இளைஞர்களே ஓடைகளை அளந்து வரைபடம் போட்டார்கள். அந்த வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் அரசிடம் பெரிய வடிகாலைக் கேட்டார்கள்.

அந்தப் பிரிவினையை நாங்கள் அப்படியே எடுத்துக்கொண்டோம். தாளில் நாலு பத்தி போடுங்கள்: வீடு, தெரு, வார்டு, நகரம். மழைநீர்த் தொட்டி, உறிஞ்சுகுழி, குப்பை பிரிப்பது வீட்டுக்குள். மரம் நடுவது, கால்வாய்க்குள் கட்டட மண் கொட்டாமல் பார்ப்பது, வாசல் சரிவை ரோட்டுக்குள் நீட்டாமல் இருப்பது தெருவுக்குள். விளக்கு, தெருக் கால்வாய், அங்கன்வாடி வார்டில். ஓடை தூர்வாருவது, பெரிய வடிகால், பேருந்து நிறுத்தம் நகரத்தில். எல்லாவற்றையும் அரசு செய்யட்டும் என்று விடுவதும் தப்பு; எல்லாவற்றையும் ஜனங்கள் தலையில் கட்டுவதும் தப்பு. ஏழைத் தெருவிடம் பெரிய வடிகாலுக்குப் பணம் கேட்பது அநியாயம், அதற்கு ஒத்துக்கொள்ளாதீர்கள்.

கூடிப் பேசுவது

மேற்சொன்ன வரைபடம் ஐந்தாறு பேர் வேலையாகவே நின்றுவிட்டால் பழைய தப்பைத் திரும்பச் செய்கிறோம் என்று அர்த்தம். காலை பதினோரு மணிக் கூட்டத்துக்கு வேலையில்லாத ஆண்கள்தான் வருவார்கள். ஞாயிறு மாலை, அல்லது கம்பெனி பஸ் திரும்பி வந்து ஒரு மணி நேரம் கழித்து வையுங்கள். மாங்காய் சீசனில் வைக்கவே வேண்டாம். ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கம் ஒரே தெருவில் தெலுங்கு, கன்னடம், உருது பேசும் வீடுகள் இருக்கும். அவ்வா தெலுங்கில் சொல்லட்டும், பேத்தி தமிழில் எழுதட்டும். வாடகைக்கு இருப்பவர்களையும் கூப்பிடுங்கள். ஊரின் பழைய காலனிப் பகுதியை "அது வேற ஏரியா" என்று விட்டுவிடும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. தண்ணீர் கடைசியாகப் போய்த் தேங்குவது பெரும்பாலும் அங்கேதான். அவர்கள் இல்லாமல் போட்ட வரைபடம் பாதி வரைபடம்.

எது முதலில் என்று முடிவுசெய்யும்போது குரல் பெரியவர்கள் ஜெயித்துவிடுவார்கள். அதற்கு ஒரு வழி: ஒவ்வொரு வேலையின் படத்தையும் ஒரு தட்டின் கீழ் வையுங்கள், ஆளுக்கு ஐந்து புளியங்கொட்டை கொடுங்கள். எதற்கு எவ்வளவு வேண்டுமோ போட்டுவிட்டுப் போகட்டும். பெண்களுக்குக் கருப்புக் கொட்டை, ஆண்களுக்குச் சுண்ணாம்பு தடவிய வெள்ளைக் கொட்டை என்று கொடுத்தோம். கால்வாய் எல்லோருக்கும் முதலாவது. இரண்டாவதாக வெள்ளைக் கொட்டை அதிகம் விழுந்தது தார் ரோட்டுத் தட்டில், கருப்புக் கொட்டை அதிகம் விழுந்தது பஸ் நிற்கும் முனைக்கான விளக்குத் தட்டில். அந்த இரண்டு தட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோது கூட்டத்தில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு விளக்குதான் இரண்டாவது என்று முடிவானது.

எழுதுவது, எடுத்துப்போவது

ஒரு பக்கம் போதும். வேலை என்ன, எந்தச் சர்வே எண்ணில், எத்தனை அடி, எந்த மட்டத்தில் தொடங்கி எங்கே முடிகிறது, எத்தனை வீட்டுக்குப் பயன், முடிந்தபின் யார் பராமரிப்பு. பின்னால் வரைபடம். செலவை நாமே குத்துமதிப்பாகப் போட்டு எழுதுவதைவிட, அளவைச் சரியாகக் கொடுத்துவிட்டு மதிப்பீடு கேட்பது நல்லது. தெருவால் பணம் சேர்க்க முடியும் என்றால் "நமக்கு நாமே" திட்டத்தைக் கேளுங்கள். பொதுவாக மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கைப் பொதுமக்கள் செலுத்த வேண்டியிருக்கும்.

ஊராட்சி என்றால் கிராம சபை. வருடத்தில் ஆறு நாள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்பே உங்கள் பக்கத்தை எழுத்தில் கொடுத்து, பொருளாகச் சேர்க்கச் சொல்லுங்கள். கிராம ஊராட்சி வளர்ச்சித் திட்டத்தில் அது இடம்பெற வேண்டும் என்று வாய்விட்டுக் கேளுங்கள். நகரம் என்றால் பகுதி சபை. இதற்கான விதிகள் 2022-ல் வந்து, அந்த ஆண்டு நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தன்று கூட்டங்கள் தொடங்கின. பகுதியில் உள்ள வாக்காளர் எல்லோரும் இதில் உறுப்பினர். அதற்கு மேல் வார்டு குழு, தலைவர் கவுன்சிலர். தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் 33 வார்டுகள், ஓசூர் மாநகராட்சியில் 45. உங்கள் பகுதி சபைக் கூட்டம் எப்போது என்று அலுவலகத்தில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். யாரும் வீடு தேடி வந்து சொல்வார்கள் என்று காத்திருக்க வேண்டாம்.

கூட்டத்தில் கைதட்டு வாங்கினால் ஒன்றும் நடக்காது. தீர்மானமாக எழுத வைத்து, தீர்மான எண்ணைக் குறித்துக்கொண்டு வாருங்கள். சில நாள் கழித்து நடவடிக்கைக் குறிப்பின் நகல் கேளுங்கள். கொடுக்கவில்லை என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்பு ஒட்டி மனுப் போடலாம். 30 நாளில் பதில் தர வேண்டும்.

கேரளத்தில் 1996-ல் மக்கள் திட்ட இயக்கம் தொடங்கியபோது, மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 சதவீதம் வரை உள்ளாட்சிகளுக்கே ஒதுக்கினார்கள். பணம் கையில் வரும் என்று தெரிந்ததால் ஜனங்கள் உட்கார்ந்து பேசினார்கள். நம்மிடம் அந்த அளவுக்கு நிதி கீழே இறங்குவதில்லை. அதனால்தான் இங்கே தீர்மான எண்ணுக்கும் நகலுக்கும் இவ்வளவு அழுத்தம் கொடுக்கிறேன்.

பெரிய வரைபடத்திலும் ஒரு கண்

தெருவைத் தாண்டி முடிவாகும் விஷயங்கள் சில உண்டு. 1971-ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டப்படி ஊர்களுக்கு முழுமைத் திட்டம் போடுகிறார்கள். எந்தச் சர்வே எண் குடியிருப்பு, எது தொழிற்சாலை, எது விவசாயம் என்று அதில் நிறம் தீட்டிவிடுவார்கள். வரைவு வெளியாகும்போது ஆட்சேபணை சொல்லக் காலக்கெடு கொடுப்பார்கள். அறிவிப்பு கண்ணில் பட்டதும் உங்கள் நீலக் கோடு அந்த வரைவில் இருக்கிறதா என்று மட்டுமாவது பாருங்கள். இல்லையென்றால் சர்வே எண்ணோடு எழுதிக் கொடுங்கள்.

புது மனைப்பிரிவுகளில், மொத்தப் பரப்பு 10,000 சதுர மீட்டரைத் தாண்டினால் சாலை நீங்கலாகப் பத்து சதவீத நிலத்தைப் பொது இடமாக விட்டு, தானப் பத்திரம் மூலம் உள்ளாட்சிக்குக் கொடுக்க வேண்டும். உங்கள் மனைப்பிரிவின் அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்தில் "பூங்கா" என்று எழுதியிருக்கும் இடம் இப்போது என்னவாக இருக்கிறது என்று போய்ப் பாருங்கள். பஸ் ஸ்டாண்டு ஓரத்தில் கடை போடுகிறவர்களுக்கும் 2014-ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டம் இருக்கிறது. நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 சதவீதம் பேர் வியாபாரிகளே தேர்ந்தெடுத்த வியாபாரிகளாக இருக்க வேண்டும். பழக்கடை அக்காவை எங்கே நகர்த்துவது என்பதை அவர் இல்லாத அறையில் முடிவு செய்யக் கூடாது. மாவட்ட அளவில் ஊரகத்தையும் நகரத்தையும் சேர்த்துப் பார்க்க மாவட்டத் திட்டக் குழு இருக்கிறது. அதன் உறுப்பினர்களில் ஐந்தில் நான்கு பங்குக்குக் குறையாதவர்கள் தேர்ந்தெடுக்கப்பட்ட உள்ளாட்சிப் பிரதிநிதிகள். எல்லை இரண்டாகப் பிரிந்த தெருக்காரர்கள் அங்கே பேசக்கூடிய உறுப்பினர் யார் என்று தெரிந்து வைத்திருப்பது நல்லது.

எங்கள் கால்வாய்க்கு வருகிறேன். மட்டம் பார்த்த தாளும் தீர்மான எண்ணும் கையில் இருந்ததால், இந்த முறை பொறியாளர் அரை மணி நேரம் நின்று பேசினார். அவரே டியூப் பிடித்துப் பார்த்தார். கால்வாயின் அடித்தளத்தை உடைத்து, சரிவைக் கிழக்கே திருப்பி, ஓடையில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். அதற்கும் ஒன்றே கால் வருஷம் ஆனது. அடுத்த மழையில் வீடுகளுக்குள் தண்ணீர் வரவில்லை.

வரைபடத்தை லேமினேட் செய்து ரேஷன் கடைச் சுவரில் மாட்டியிருக்கிறோம். வருஷா வருஷம் பொங்கல் விடுமுறையில் பையன்கள் அதைக் கழற்றி எடுத்துக்கொண்டு நடந்து, மாறியதைத் திருத்துகிறார்கள். போன தையில் கிழக்கு ஓடையை ஒட்டி ஆறு மனைக்கல் புதிதாக நட்டிருந்தது. அதில் இரண்டு கல் எங்கள் நீலக் கோட்டுக்கு உள்ளே இருந்தது. அன்றைக்கே புலப்படத்தை எடுத்து, சர்வே எண்ணைக் குறித்து, ஜனவரி 26 கிராம சபைக்கு ஒரு பக்கம் எழுதினோம். ஓடையின் அந்தக் கரை ஊராட்சி எல்லை.